அரிசோனா ஆர்.வி. ரிசார்ட்டில் இலையுதிர்காலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பீனிக்ஸ் வட்டாரத்தில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு அக்டோபர் பிறந்தாலே ஒரு புலம்பல் உண்டு. யு.எஸ். 60 சாலையில் பஸ் அளவு வண்டிகள் ஊர்ந்து போகின்றன, மளிகைக் கடையில் வரிசை நீள்கிறது, பல் டாக்டரிடம் நாள் கிடைப்பதில்லை. காரணம், மெசாவிலும் அப்பாச்சி ஜங்ஷனிலும் அடுத்தடுத்து இருக்கும் ஆர்.வி. ரிசார்ட்டுகள். குளிர்காலத்தைக் கழிக்க வடக்கிலிருந்து வருடா வருடம் வரும் ஓய்வுபெற்றவர்கள் அங்கேதான் தங்குகிறார்கள். நான் சாண்ட்லரில் இருப்பவன். அந்த ரிசார்ட்டுகளுக்குப் போய்வரும் பழக்கம் உண்டு என்பதால் நண்பர்கள் கேட்கும் கேள்விகள் என்னிடம் சேர்ந்துவிட்டன. பதில்கள் பெரும்பாலும் மெசாவை வைத்தே. அரிசோனாவின் மேற்கு ஓரத்து ஊர்களான யூமாவும் குவார்ட்ஸைட்டும் தேவைப்படும் இடத்தில் மட்டும் வரும்.

ஆர்.வி. ரிசார்ட் என்றால் கூடாரம் போட்டுத் தங்கும் இடமா?

இல்லை. ஆர்.வி. என்பது படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. தானே ஓடுவது மோட்டார்ஹோம். பிக்கப் லாரியின் பின்தட்டில் மாட்டி இழுப்பது ஃபிஃப்த் வீல். வண்டிக்குப் பின்னால் கொக்கியில் இழுத்துப் போவது டிராவல் டிரெய்லர். ரிசார்ட்டில் ஒவ்வொரு வண்டிக்கும் எண் போட்ட ஒரு மனை கொடுப்பார்கள். அதில் தண்ணீர்க் குழாய், 30 அல்லது 50 ஆம்பியர் மின் இணைப்பு, கழிவுநீர் இணைப்பு மூன்றும் இருக்கும்.

வண்டியே இல்லாமலும் அங்கே குடியிருக்கலாம். பார்க் மாடல் என்று ஒரு வகைச் சின்ன வீடு உண்டு. விதிப்படி 400 சதுர அடியைத் தாண்டக் கூடாது. சக்கரத்தின் மேல் வைத்துக் கொண்டுவந்து இறக்குவார்கள், அதற்குப் பிறகு அது எங்கும் நகராது. இடம் போதாதவர்கள் பக்கத்தில் ஒரு அறையை ஒட்டிக் கட்டிக்கொள்வார்கள். அதற்கு அரிசோனா ரூம் என்றே பெயர். வீடு உங்களுடையது, அடியில் இருக்கும் மண் ரிசார்ட்டுடையது. மாத வாடகையோ வருட வாடகையோ கட்ட வேண்டும்.

அளவிலும் இவை சின்ன ஊர்கள்தான். மெசா ரீகல் போன்ற பெரிய ரிசார்ட்டில் சுமார் 2,000 மனைகள். நீச்சல் குளம், நடன மண்டபம், மரவேலைக் கூடம், தையல் அறை, நூலகம், தபால் அறை எல்லாம் உள்ளேயே. தெருவில் காரைவிட கோல்ஃப் கார்ட்தான் அதிகம் ஓடும்.

யார் இவர்கள்? எங்கிருந்து வருகிறார்கள்?

மினசோட்டா, நார்த் டகோட்டா, அயோவா, விஸ்கான்சின், வாஷிங்டன், ஓரெகன். எல்லைக்கு அந்தப் பக்கம் கனடாவின் ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான், மானிடோபா, பிரிட்டிஷ் கொலம்பியா. பொதுவாக ஸ்நோபேர்ட் என்று அழைக்கிறார்கள். டெக்ஸாஸின் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் இதே ஆட்களுக்கு விண்டர் டெக்ஸன் என்று மரியாதையான பெயர்.

ஓய்வுபெற்ற விவசாயி, பள்ளி ஆசிரியை, லாரி ஓட்டுநர், நர்ஸ், எண்ணெய் வயல் தொழிலாளி, ராணுவத்தில் இருந்தவர் என்று கலந்து இருப்பார்கள். ஒரு விஷயம் எனக்கு ஆரம்பத்தில் விசித்திரமாகப் பட்டது. என்ன வேலை பார்த்தீர்கள் என்று அங்கே யாரும் சட்டென்று கேட்பதில்லை. எந்த ஊர் என்றுதான் கேட்கிறார்கள். பல ரிசார்ட்டுகளில் கழுத்தில் பெயர் அட்டை தொங்கும். பெயர், சொந்த ஊர், மனை எண். அவ்வளவுதான் அதில் இருக்கும்.

ஏன் அக்டோபரில் வருகிறார்கள்? பனி விழுவது டிசம்பரில்தானே?

கனடாவின் வின்னிபெக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். அங்கே அக்டோபரிலேயே பனி விழும், ஜனவரி இரவில் மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் சாதாரணம். பீனிக்ஸில் அக்டோபர் பகல் சராசரி சுமார் 32 டிகிரி, நவம்பரில் 25, ஜனவரியில் 20. ஜூலையில் 41. இந்த எண்களை வரிசையாகப் பார்த்தாலே யார் எப்போது வருவார்கள், எப்போது கிளம்புவார்கள் என்பது புரிந்துவிடும்.

வருகை மூன்று அலையாக இருக்கும். முதல் அலை, அக்டோபர் தொடக்கத்தில் வீடு திறப்பவர்கள். தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றித் திருநாள் கனடாவில் அக்டோபர் இரண்டாம் திங்கள். அதைப் பேரப்பிள்ளைகளோடு கொண்டாடிவிட்டுக் கிளம்புகிறவர்கள் இரண்டாம் அலை. அமெரிக்கத் தேங்க்ஸ்கிவிங் நவம்பர் நான்காம் வியாழன், கிறிஸ்துமஸும் ஊரில்தான் என்று இருப்பவர்கள் மூன்றாம் அலையாக ஜனவரியில் வருவார்கள்.

கால்கரியிலிருந்து மெசாவுக்குச் சாலை வழியே சுமார் 2,300 கிலோமீட்டர். நீளமான வண்டியோடு மூன்று நான்கு நாள் பயணம். மொன்டானா, ஐடஹோ கணவாய்களில் பனி இறுகுவதற்குள் தாண்டிவிட வேண்டும். அக்டோபர் அவசரத்துக்கு இதுவும் காரணம்.

வெயிலுக்காக வருகிறார்கள் என்பது சரிதான். ஆனால் வெயில் டூசானிலும் உண்டு, ஃப்ளோரிடாவிலும் உண்டு. பதினைந்து இருபது வருடமாக அதே ரிசார்ட்டுக்கு, முடிந்தால் அதே தெருவுக்கு, அதே மனைக்கு வருகிறார்களே, அது ஆட்களுக்காக. அக்டோபரில் போனால் இதை நேரில் பார்க்கலாம். ஜனவரியில் போனால் கூட்டம்தான் தெரியும். அக்டோபரில், கலைந்து போன ஒரு ஊர் தன்னைத்தானே திரும்பக் கட்டிக்கொள்வது தெரியும்.

வந்து இறங்கியதும் முதல் வாரம் என்ன நடக்கும்?

முழுக்க முழுக்க வேலை. ஏப்ரலில் பூட்டிப்போன வீடு ஆறு மாதம் அரிசோனா வெயிலில் கிடந்திருக்கிறது. போகும்போதே ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போவார்கள். ஜன்னலுக்கு வெயிலைத் திருப்பும் தகடு, கதவைத் திறந்துவைத்த காலி ஃப்ரிட்ஜ், மரச் சாமான் வெடிக்காமலிருக்க அறைக்குள் வாளி வாளியாகத் தண்ணீர், கழிப்பறைத் தண்ணீர் ஆவியாகிக் குழாய் வழியே கரப்பான் ஏறாமலிருக்க மேலே பிளாஸ்டிக் உறை. அப்படியும் திரும்பி வந்தால் ஏதாவது ஒன்று காத்திருக்கும். பேக் ரேட் எனப்படும் பாலைவன எலி வயரைக் கடித்திருக்கலாம். தேள் இருக்கலாம். புற ஊதா விளக்கை அடித்தால் தேள் பச்சையாக ஒளிரும் என்பதால் இரவில் அந்த விளக்கோடு ஆட்கள் சுவரோரம் நடந்துகொண்டிருப்பார்கள்.

புதிதாக வருபவர்களுக்குப் பழையவர்கள் சொல்லும் சில பாடங்களை இங்கேயே தருகிறேன், உங்களுக்கும் பயன்படலாம். வாட்டர் ஹீட்டரில் தண்ணீர் நிரம்புமுன் மின் இணைப்பைப் போடாதீர்கள், கம்பி கருகிவிடும். நன்னீர்த் தொட்டியை 15 காலனுக்குக் கால் கப் பிளீச் கணக்கில் ஊற்றிச் சுத்தம் செய்யுங்கள், பிறகு வாசனை போகும்வரை அலசுங்கள். டயர் பார்க்கப் புதிதாக இருந்தாலும் பக்கவாட்டில் இருக்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். அது தயாரான வாரமும் வருடமும். ஆறேழு வருடம் ஆகியிருந்தால் மாற்றிவிடுவது நல்லது, இங்கத்திய வெயில் ரப்பரைச் சும்மா விடாது.

இன்னொன்று, சாப்பிடும்போது படிக்காதீர்கள். வண்டியில் கழிப்பறைக் கழிவு சேரும் தொட்டியின் வால்வை எப்போதும் திறந்தே வைத்தால் நீர் மட்டும் ஓடிவிடும், மற்றது உள்ளே கோபுரமாகக் காய்ந்து நிற்கும். தொட்டி நிறைந்த பிறகுதான் வால்வைத் திறக்க வேண்டும். இதைப் புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பதில் பழைய ஆட்களுக்கு இருக்கும் ஆனந்தத்தைப் பார்க்க வேண்டும். கூப்பிடாமலே மடக்கு நாற்காலியோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

நான் கவனித்தது, இந்த வேலைகளை யாரும் தனியாகச் செய்வதில்லை. ஒரு வண்டி தெருவுக்குள் நுழைந்ததும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் எழுந்து வந்து பின்னால் நின்று கை காட்டி மனைக்குள் நிறுத்த உதவுவார்கள். அது முடிந்து குழாய் மாட்டி முடிப்பதற்குள் மாலை நான்கு மணி ஆகிவிடும். அப்புறம் யாரோ ஒருவர் வாசலில் நாற்காலிகள் வட்டமாக விழும், கையில் பானத்தோடு கோடைக் கதை தொடங்கும். முழங்கால் அறுவை சிகிச்சை, கொள்ளுப்பேத்தி, விற்ற நிலம்.

கோடையில் அங்கே யாருமே இருக்க மாட்டார்களா?

கொஞ்சம் பேர் இருப்பார்கள். வருடம் முழுக்க இருப்பவர்கள் ஆளில்லாத வீடுகளை வாரம் ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொள்வதும் உண்டு, சிலர் காசுக்கு, சிலர் நட்புக்கு. ஜூலையில் ஒருமுறை போய்ப் பாருங்கள், தெருவில் புறா மட்டும்தான்.

நாள் முழுக்க என்ன செய்வார்கள்? போரடிக்காதா?

மாதக் கால அட்டவணையைப் பார்த்தால் நம் பொறியியல் கல்லூரி அட்டவணையே தேவலை என்றிருக்கும். காலை ஆறரைக்கே, டென்னிஸ் போல மட்டையால் ஆடும் பிக்கிள்பால் ஆடுதளம் நிரம்பிவிடும். 1965இல் வாஷிங்டன் மாநிலத்தின் பெயின்பிரிட்ஜ் தீவில் குடும்ப விளையாட்டாகத் தொடங்கியது அது. அதைப் பரப்பியதில் இந்த ரிசார்ட்டுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அடுத்து தண்ணீரில் உடற்பயிற்சி, லைன் டான்ஸ், மரச் செதுக்கல், துணித் துண்டுகளை ஒட்டுப்போட்டுப் போர்வையாக்கும் குவில்ட் தையல், மண்பாண்டம், வெள்ளி நகை வேலை. சாயங்காலம் சீட்டு. யூக்கர், பினாக்கிள், கிரிபேஜ் மூன்றும் தனித்தனிக் கட்சிகள், ஒருவர் மற்றவர் பக்கம் எளிதில் போக மாட்டார்.

எனக்குப் பிடித்தது கல் பட்டறை. அரிசோனா மண்ணில் அகேட், டர்க்காய்ஸ், கல்லாகிப்போன மரம் எல்லாம் கிடைக்கும். குழுவாகப் பாலைவனத்துக்குப் போய்ப் பொறுக்கி வந்து, வைரப்பல் ரம்பத்தில் அறுத்து, நாள்கணக்கில் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். கூட்டாட்சி அரசின் பொதுநிலத்தில் கல்மரம் எடுக்க வரம்பு இருக்கிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 25 பவுண்டும் கூடவே ஒரு துண்டும், வருடத்துக்கு மொத்தம் 250 பவுண்டு. சொந்த உபயோகத்துக்கு மட்டும், விற்கக் கூடாது. தேசியப் பூங்காவில் ஒரு கூழாங்கல்லைக்கூடத் தொடக் கூடாது. பட்டறைச் சுவரில் இந்த விதி ஒட்டப்பட்டிருக்கும், மீறுகிறவரைப் பட்டறைத் தலைவரே கண்டிப்பார்.

இந்தக் குழுக்களை நடத்துவது பெரும்பாலும் குடியிருப்பவர்களேதான். நிர்வாகம் இடத்தையும் மின்சாரத்தையும் கொடுக்கிறது. யார் பாடம் எடுப்பது, யார் பட்டறையைத் திறப்பது, யார் காப்பி போடுவது என்பதெல்லாம் அக்டோபர் கடைசியில் கூட்டம் போட்டு, தாளில் பெயர் எழுதிப் பங்கு போட்டுக்கொள்வார்கள். அந்தத் தாளில் பெயர் எழுதியவர் ஒரு வாரத்துக்குள் ஊர்க்காரர் ஆகிவிடுவார். எழுதாதவர் ஐந்து வருடம் இருந்தாலும் விருந்தாளிதான்.

இலையுதிர்காலத்தில் என்னென்ன விசேஷங்கள்?

அக்டோபர் 31, ஹாலோவீன். உள்ளே குழந்தைகள் இல்லாததால் எழுபது வயதுக்காரர்களே வேஷம் போட்டுக்கொள்வார்கள். கோல்ஃப் கார்ட்டைக் கடற்கொள்ளைக் கப்பலாகவோ சவப்பெட்டியாகவோ அலங்கரித்து ஊர்வலம். சவப்பெட்டி ஜோக்குக்கு அந்த வயதுக்காரர்கள் சிரிக்கும் சிரிப்பு தனி ரகம்.

நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்காவின் பெரும்பாலான இடங்களில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். நவஹோ பழங்குடியினரின் பகுதி தவிர்த்த அரிசோனா இதில் சேருவதில்லை. அதனால் அந்த வாரம் முழுக்க ஊரிலிருக்கும் பிள்ளைகளுக்குத் தப்பான நேரத்தில் போன் போகும். சஸ்காச்சுவானிலும் பெரும்பாலும் கடிகாரத்தைத் தொடுவதில்லை, அந்த ஊர்க்காரர்களுக்குக் குழப்பமே இல்லை.

நவம்பர் 11 முக்கியமான நாள். 1918இல் முதல் உலகப் போர் ஓய்ந்த நாள். அமெரிக்கர்களுக்கு வெட்டரன்ஸ் டே, கனடாக்காரர்களுக்கு ரிமெம்பரன்ஸ் டே. அமெரிக்காவில் அது உயிரோடிருக்கும் முன்னாள் வீரர்களுக்கு நன்றி சொல்லும் நாள், கனடாவில் இறந்தவர்களை நினைக்கும் நாள். ஒரே மண்டபத்தில் இரண்டும் நடக்கும். சட்டையில் சிவப்பு பாப்பிப் பூ குத்திய கனடாக்காரர்கள் பதினொரு மணிக்கு மௌனமாக நிற்பார்கள். அது முடிந்ததும் படைப்பிரிவுப் பாட்டு ஒவ்வொன்றாக ஒலிக்க, அந்தந்தப் பிரிவில் இருந்தவர்கள் எழுந்து நிற்பார்கள். வியட்நாம் போனவர்கள் எழுந்திருக்க நேரம் ஆகும், கைத்தடி தேட வேண்டும். யாரும் அவசரப்படுத்துவதில்லை.

தேங்க்ஸ்கிவிங் சாப்பாடுதான் இலையுதிர்காலத்தின் உச்சம். வான்கோழியும் கிரேவியும் ரிசார்ட் பொறுப்பு. மற்றவை குடியிருப்பவர்கள் கொண்டுவர வேண்டும். எட்டுப் பேருக்கு ஒரு மேஜை, முன்கூட்டியே தாளில் பெயர் எழுத வேண்டும், மேஜைக்கு ஒருவர் தலைவர். நம் கல்யாணப் பந்தியில் இடம் பிடிப்பதற்கு நடக்கும் அரசியல் இங்கே அந்தத் தாளிலேயே நடந்து முடிந்துவிடும். யாருமில்லாதவர்களுக்கென்று ஒரு மேஜையை ஒதுக்காமல், ஒவ்வொரு மேஜையிலும் ஒன்றிரண்டு இடத்தை நிரப்பாமல் விட்டு அவர்களைக் கூப்பிடும் ரிசார்ட்டுகள் உண்டு. அதை யோசித்தவர் யாரோ, நல்ல மனிதர்.

சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மினசோட்டாக்காரர்கள் அடுப்பில் சுட்டுக் கொண்டுவரும் ஹாட்டிஷ் என்ற பண்டத்தில் உருளைக்கிழங்குக்கு அடியில் மாட்டிறைச்சி இருக்கும். பளபளக்கும் ஜெல்லி சாலட்டிலும், சர்க்கரைவள்ளிமேல் உருகியிருக்கும் மார்ஷ்மெல்லோவிலும் ஜெலட்டின். சஸ்காச்சுவான்காரர்களின் கொழுக்கட்டை போன்ற உருளைக்கிழங்கு பெரோகியை நம்பலாம், மேலே பன்றிக்கறித் தூள் போட்டிருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நனைமோ பார் இனிப்பு கிடைத்தால் விடாதீர்கள்.

55 வயது ஆனால்தான் சேர்ப்பார்களா? இது சட்டப்படி சரியா?

பல ரிசார்ட்டுகளில் அப்படித்தான், சட்டமும் அனுமதிக்கிறது. குழந்தைகள் இருக்கும் குடும்பத்துக்கு வீடு தர மறுக்கக் கூடாது என்று 1988இல் அமெரிக்க வீட்டுவசதிச் சட்டத்தைத் திருத்தினார்கள், ஆனால் முதியோர் குடியிருப்புகளுக்கு விலக்கு வைத்தார்கள். 1995இல் அந்த விலக்கைத் தெளிவாக்கினார்கள். ஆள் இருக்கும் வீடுகளில் குறைந்தது 80 சதவீதத்தில், வீட்டுக்கு ஒருவராவது 55 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். மீதி 20 சதவீதத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பது அந்தந்த ரிசார்ட்டின் விருப்பம். பேரப்பிள்ளைகள் விருந்தாளியாக வந்து தங்கலாம், எத்தனை நாள் என்பதற்குக் கணக்கு உண்டு. குளத்தில் குழந்தைகளுக்குத் தனி நேரம்.

எவ்வளவு செலவாகும்?

மெசாவின் பெரிய ரிசார்ட்டுகளில் ஜனவரி முதல் மார்ச் வரை மாத வாடகை ஆயிரம் டாலரை எளிதில் தாண்டும். அக்டோபரிலும் நவம்பரிலும் குறையும். மின்சாரத்துக்கு மீட்டர் தனி. வருட ஒப்பந்தம் போட்டால் மாதக் கணக்கு மலிவாக வரும், ஆனால் நீங்கள் இல்லாத கோடைக்கும் சேர்த்துக் கட்டுகிறீர்கள்.

பார்க் மாடல் வாங்குவதைப் பற்றி என் கருத்தைக் கேட்டால், விலையைப் பார்த்து மயங்காதீர்கள் என்பேன். வீட்டின் விலை குறைவு, மனை வாடகை வருடா வருடம் ஏறும், வீட்டைத் தூக்கிக்கொண்டு வேறிடம் போவது நடைமுறையில் முடியாது. ஒரே இடத்தில் 180 நாளுக்கு மேல் வாடகைக்கு இருப்பவர்களுக்கு அரிசோனாவில் தனிச் சட்டமே இருக்கிறது. கையெழுத்துப் போடுமுன் அதையும், கடந்த சில வருட வாடகை உயர்வையும் கேட்டுப் பாருங்கள்.

கனடாக்காரர்கள் எத்தனை நாள் இருக்கலாம்?

அவர்கள் எல்லாரும் விரல் விட்டு எண்ணிக்கொண்டேதான் இருப்பார்கள். பார்வையாளராக வருபவருக்குப் பொதுவாக ஆறு மாதம். சொந்த மாகாணத்தின் மருத்துவக் காப்பீடு இன்னொரு கயிறு. ஒன்டாரியோவில் எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 212 நாளுக்கு மேல் வெளியே இருந்தால் காப்பீடு போகும்.

மூன்றாவது கயிறு அமெரிக்க வருமான வரித்துறை. இந்த வருட நாள்கள், போன வருடத்தின் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்தையதின் ஆறில் ஒரு பங்கு, மூன்றையும் கூட்டி 183 வந்தால் உங்களை வரிக்குரிய குடியிருப்பவராகக் கருத இடமுண்டு. வருடா வருடம் 122 நாள் தங்கினாலே கணக்கு சரியாக 183 ஆகிவிடும். தன் வேர் கனடாவில்தான் என்று காட்ட 8840 என்ற படிவத்தை நிரப்பி அனுப்புவார்கள். ரிசார்ட் நூலகத்தில் அதற்கு உதவ ஒரு முன்னாள் கணக்காளர் எப்படியும் இருப்பார்.

2025 ஏப்ரல் 11 முதல் இன்னொன்று சேர்ந்தது. சாலை வழியே வந்து, எல்லையில் ஐ-94 என்ற வருகைப் பதிவு கிடைக்காமல், 30 நாளோ அதற்கு மேலோ தங்கும் கனடாக்காரர்கள் அரசிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்த வருடம் கனடாவிலிருந்து அமெரிக்கா வரும் பயணமே வெகுவாகக் குறைந்தது. டாலர் மதிப்பு, இரு நாட்டு இறக்குமதி வரிச் சண்டை, மனக்கசப்பு எல்லாம் சேர்ந்து. இருபது வருட நட்பு ஒரு பக்கம், ஊரில் அண்டை வீட்டார் பேச்சு ஒரு பக்கம் என்று மாட்டிக்கொண்டவர்களின் நிலைதான் பாவம்.

உடம்புக்கு முடியாமல் போனால்?

அமெரிக்க முதியோருக்கான மருத்துவக் காப்பீடு மெடிகேர். அரசே நேரடியாக நடத்தும் மூல மெடிகேர் எல்லா மாநிலத்திலும் செல்லும். தனியார் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் பல நேரம் சொந்த ஊர் மருத்துவர் வட்டத்தோடு கட்டிப்போட்டிருக்கும், அவசரச் சிகிச்சைக்கு மட்டும் விலக்கு. கனடாக்காரர்கள் பயணக் காப்பீடு எடுத்தே தீர வேண்டும். மாத்திரையின் அளவு சமீபத்தில் மாறியிருந்தால்கூட அந்த நோயைச் சேர்க்க மாட்டோம் என்று சொல்லும் பாலிசிகள் உண்டு.

பல வீடுகளில் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். நோய், மருந்து, ஒவ்வாமை, பிள்ளைகளின் போன் எண் எல்லாம் அதில். ஆம்புலன்ஸ்காரர் உள்ளே வந்ததும் முதலில் பார்க்கும் இடம் அது. நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் இதைச் செய்து வைக்கலாம்.

பல் வைத்தியம் தனிக் கதை. யூமாவுக்குப் பக்கத்தில் எல்லையைத் தாண்டினால் மெக்ஸிகோவின் லாஸ் அல்கோடோனஸ். சில தெருக்களுக்குள் நூற்றுக்கணக்கான பல் டாக்டர்கள். கடைவாய்ப்பல் நகரம் என்றே பட்டப்பெயர். இந்தப் பக்கம் காரை நிறுத்திவிட்டு நடந்தே போய்ப் பல் கட்டிக்கொண்டு, கண்ணாடி வாங்கிக்கொண்டு, மதியம் மீன் டாக்கோ சாப்பிட்டுத் திரும்புவார்கள். பாஸ்போர்ட் கட்டாயம். திரும்பும்போது எல்லை வரிசை ரொம்ப நீளம், அதையும் கணக்கில் வையுங்கள்.

எல்லாரும் வசதியானவர்களா?

இல்லவே இல்லை. பத்து லட்சம் டாலர் மோட்டார்ஹோமும் இருக்கும், முப்பது வருடப் பழைய டிரெய்லரும் இருக்கும். வேலை செய்துகொண்டே ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு வொர்க்கேம்பர் என்று பெயர். அக்டோபரில் நார்த் டகோட்டா, மினசோட்டா எல்லையில் ரெட் ரிவர் பள்ளத்தாக்கில், சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு அறுவடை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், குளிர், சேறு. அதை முடித்துக் கையில் காசோடு தெற்கே வந்து, ரிசார்ட்டில் வாரத்துக்குச் சில நாள் அலுவலகத்திலோ தோட்டத்திலோ வேலை பார்த்து, மனையை இலவசமாகப் பெறுவார்கள்.

அதுவும் வேண்டாம் என்பவர்களுக்குக் குவார்ட்ஸைட் இருக்கிறது. 2020 கணக்கெடுப்பில் சுமார் 2,400 பேர் வாழும் பாலைவன ஊர். குளிர்காலத்தில் சுற்றியுள்ள பொதுநிலம் முழுக்க வண்டிகள். லா போசா என்ற, நீண்டகாலம் வண்டி நிறுத்தித் தங்கும் பகுதியில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்க 180 டாலர் என்று பல வருடமாக இருந்தது. இப்போதைய கட்டணத்தைக் கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு மின்சாரம் கிடையாது, சூரியத் தகடு உங்களுடையது. அங்கே போனால் ஹை ஜாலி கல்லறையைப் பாருங்கள். 1856இல் அமெரிக்க ராணுவத்தின் ஒட்டகப் பரிசோதனைக்காக வந்த ஹாஜி அலி என்ற ஒட்டகக்காரர், பாலைவனத்திலேயே தங்கி 1902இல் இறந்தார். கல்லறைமேல் பிரமிடு, உச்சியில் ஒட்டகம்.

சண்டை சச்சரவு கிடையாதா?

மனிதர்கள்தானே. நாய்க் கழிவு, பக்கத்து வீட்டு மரம், பிக்கிள்பால் டொக் டொக் சத்தம், காராஜ் நிறத்துக்கு அனுமதி. அரசியலைப் பலர் தொடுவதே இல்லை. தேர்தல் வருடத்தில் வாக்குச்சீட்டு சொந்த மாநிலத்திலிருந்து தபாலில் வரும், வீட்டுக்குள் உட்கார்ந்து நிரப்பி அனுப்பிவிடுவார்கள்.

தனியாக இருப்பவர்கள், துணையை இழந்தவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

அக்டோபரில் எல்லாரும் மனசுக்குள் ஒரு கணக்கெடுப்பு நடத்துவார்கள். யார் வந்தாச்சு, யார் வண்டி இன்னும் காணோம். சிலர் வரப்போவதில்லை என்பது கோடையிலேயே மின்னஞ்சலில் தெரிந்திருக்கும். சிலரைப் பற்றி அலுவலகப் பலகையைப் பார்த்துத்தான் தெரியும். இறந்தவருக்கு ஊரில் அடக்கம் முடிந்திருந்தாலும், நண்பர்கள் திரும்பக் கூடிய பிறகு நவம்பரில் இங்கே ஒரு நினைவுக் கூட்டம் வைப்பார்கள். அவர் செய்த மரக் கிண்ணமோ தைத்த குவில்ட்டோ மேஜையில் இருக்கும்.

இதில் வெளியாட்கள் யோசிக்காத ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. முப்பத்தைந்து அடி ஃபிஃப்த் வீலை இத்தனை வருடமும் கணவர்தான் ஓட்டினார். அவர் போன பிறகு அந்த அம்மா எப்படித் தெற்கே வருவார்? சிலர் வண்டியை விற்று அதே ரிசார்ட்டில் பார்க் மாடல் வாங்கி, விமானத்தில் வந்து இறங்குகிறார்கள். சிலருக்குப் பழைய தெருக்காரர் ஒருவர் விமானம் பிடித்துப் போய் வண்டியை ஓட்டிக் கொண்டுவந்து தருவார். உயிரோடு இருக்கும்போதே மனைவியும் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பழையவர்கள் அடித்துச் சொல்வது இதனால்தான். டெக்ஸாஸின் லிவிங்ஸ்டனில் எஸ்கேப்பீஸ் என்ற ஆர்.வி. சங்கத்தின் தலைமையிடம் இருக்கிறது. பயணம் செய்ய முடியாமல் போன ஆர்.வி. மூத்தவர்கள் தங்கள் வண்டியிலேயே இருந்தபடி பகல்நேரக் கவனிப்பும் சாப்பாடும் பெற அங்கே ஏற்பாடு உண்டு.

அமெரிக்கா வந்திருக்கும் அப்பா அம்மாவை அங்கே தங்க வைக்கலாமா?

நான் பார்த்த வரை இந்த ரிசார்ட்டுகளில் இந்திய முகம் அபூர்வம். வயது விதி உங்கள் பெற்றோருக்குத் தடையாக இருக்காது. ஒரு மாதத்துக்குப் பார்க் மாடல் வாடகைக்கும் கிடைக்கும். பகலில் நீங்கள் வேலைக்குப் போனபின் நாலு சுவருக்குள் அடைந்து கிடப்பதைவிட, நடக்க ஒரு தெருவும் பேச ஆளும் உள்ள இடம் நல்லதுதான். ஆனால் ஆங்கிலம் பேசத் தயங்குகிறவர்களைத் தனியாக விட்டால் முதல் வாரம் கஷ்டம். முதலில் விருந்தாளியாக ஒரு நாள் கூட்டிப்போய்ப் பாருங்கள். தையல் தெரிந்த அம்மாவுக்கு மொழி அவ்வளவு தடையாக இருக்காது, குவில்ட் அறையில் கைதான் பேசும். அப்பாக்கள்தான் சிரமம், யூக்கர் விதி புரிய நாளாகும்.

சும்மா பார்க்கப் போகலாமா?

நவம்பரில் பல ரிசார்ட்டுகள் கைவினைச் சந்தை நடத்தும், பொதுமக்களும் போகலாம். காலை எட்டு ஒன்பது மணிக்கே தொடங்கி மதியத்தில் முடிந்துவிடும். பெரும்பாலும் பணமாகத்தான் வாங்குவார்கள். வாயிலில் பெயர் எழுதிக்கொடுத்து நிறுத்துமிடத்தைக் கேளுங்கள். உள்ளே வேக வரம்பு மணிக்கு பத்து மைல் அளவில்தான் இருக்கும், கோல்ஃப் கார்ட்டுக்கு வழி விடுங்கள். குறுக்கு வழி என்று அடுத்தவர் மனைக்குள் புகுந்து நடக்காதீர்கள், அது அவர்கள் வீட்டு வாசல். யாராவது கை அசைத்தால் திரும்ப அசையுங்கள். எல்லாரும் அசைப்பார்கள்.